சுமக்க வந்ததா, சுமையாக வந்ததா?

மாஸ்கோ மாநகருக்குக் கிழக்கே மோனினோ என்னும் ஊரில், சோவியத் விமானப்படையின் பழைய கலங்களைக் காத்து வைத்திருக்கும் காட்சிசாலை ஒன்று உண்டு. வெயிலிலும் பனியிலும் திறந்த வெளியிலே நின்று, வந்து காண்போரை வாய்பிளக்க வைக்கும் கலம் ஒன்று அங்கே இருக்கிறது. ஒரு சுழல்விசிறியின் நுனியிலிருந்து மறு சுழல்விசிறியின் நுனி வரை 67 மீட்டர்! முதன்முதலில் வெளிவந்த போயிங் 747 விமானத்தின் இறக்கை வீச்சே 60 மீட்டரை எட்டவில்லை என்றால், இதன் பேருருவை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். உலகம் இதுவரை கண்ட ஹெலிகாப்டர்களில் இதனினும் பெரியது வேறொன்றில்லை. வி-12 என்று இதனை ஆக்கியோர் பெயரிட்டனர். மி-12 என்றும் ஏடுகள் எழுதின.

பெரியது, ஐயமில்லை. வலியது, மறுப்பாரில்லை. ஆனால், எந்தப் பணிக்கெனப் படைக்கப்பட்டதோ அந்தப் பணியை அது ஒரு நாளேனும் செய்ததுண்டா என்றால், இல்லை! இராணுவத்துக்கெனப் பிறந்தது, இராணுவத்திலே சேரவில்லை. சுமை தூக்கப் பிறந்தது, சுமையாகி நின்றுவிட்டது. செய்தவை இரண்டே இரண்டு. இரண்டும் இன்று பார்வைப் பொருள்கள்.

ஏன் இப்படி ஆயிற்று? ஏதோ எந்திரக்காரர்கள் விவகாரம், நமக்கென்ன என்று தள்ளிவிடாதீர்கள் தோழர்களே! ஆள்வோருக்கும், ஆளவேண்டும் என்று எண்ணுவோருக்கும், ஆள்வோரைத் தட்டிக் கேட்கும் கடமை பூண்டோருக்கும் அந்த இரும்புப் பறவையின் கதையில் பாடம் இருக்கிறது.

அது கருக்கொண்ட காலத்தைப் பாருங்கள். 1950களின் இறுதி, 1960களின் தொடக்கம். வாஷிங்டனும் மாஸ்கோவும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்ற காலம். கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளை அடுக்கிவைப்பதே வல்லமைக்கு அடையாளம் என்று இருதரப்பும் எண்ணிய காலம். சோவியத் நாட்டுக்கோ நிலப்பரப்பு பெரிது, சாலைகள் குறைவு. சைபீரியக் காடுகளுக்கும் சதுப்பு நிலங்களுக்கும் அப்பால் ஏவுகணையை எப்படிக் கொண்டு சேர்ப்பது? பெரிய சரக்கு விமானம் ஓடுதளம் உள்ள இடம் வரை கொண்டுவரும். ஓடுதளமே இல்லாத இடத்துக்கு? அங்கேதான் ஹெலிகாப்டர் வரவேண்டும் என்று இராணுவத் தலைமை முடிவு செய்தது. 20 முதல் 25 டன் வரை தூக்கவேண்டும்; அந்தோனோவ்-22 என்னும் மாபெரும் விமானத்தின் வயிற்றுக்குள் அடங்கும் பொருள் இதன் வயிற்றுக்குள்ளும் அடங்கவேண்டும். இதுவே கட்டளை.

கட்டளையை ஏற்றவர் மிகாயில் மில். 1909இல் சைபீரியாவின் இர்குத்ஸ்க் நகரிலே பிறந்தவர். சாலையற்ற நிலத்தின் துயரம் அவருக்கு ஏட்டிலே படித்தறிய வேண்டிய செய்தியன்று. 1957இல் முதன்முதல் பறந்த மி-6 என்ற ஹெலிகாப்டரை ஆக்கி, உலகின் பார்வையைத் தம்பால் திருப்பியவர். அந்த மி-6 தூக்கியது 12 டன். இப்போது கேட்கப்படுவதோ ஏறத்தாழ இரு மடங்கு!

இரு மடங்கு தூக்க வேண்டுமானால் விசிறியை இரு மடங்கு பெரிதாக்கிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் இயற்கை குறுக்கே நிற்கிறது. விசிறி நீள நீள, அதன் இதழ்கள் தம் எடையாலேயே தொய்கின்றன. விசிறி பெருகப் பெருக, அதனைச் சுழற்றும் பற்சக்கரப் பெட்டியின் பாரமும் பெருகுகிறது. கூடுதலாகக் கிடைத்த வலிமையைக் கூடுதலான உடம்பே தின்றுவிடுகிறது! ஆகவே மில் குழுவினர் வேறு வழி தேடினர். மி-6இன் 35 மீட்டர் விசிறி ஏற்கெனவே பழகித் தேறியது. அதனையே இரண்டாக எடுத்து, உடலின் இருபுறமும் நீட்டிய இறக்கைகளின் நுனியில் பொருத்தினர். ஒவ்வொரு விசிறிக்கும் இரண்டு எஞ்சின்கள். ஒவ்வொரு எஞ்சினுக்கும் 6,500 குதிரைத் திறன். ஆக மொத்தம் 26,000. ஒரு புறத்து எஞ்சின்கள் அணைந்தாலும் மறுபுறத்து எஞ்சின்கள் இரு விசிறிகளையும் சுழற்றும் வண்ணம், இறக்கைக்குள் நீண்டதோர் இணைப்புத் தண்டு. விசிறி கீழ்நோக்கித் தள்ளும் காற்றை மறிக்காதிருக்க, உடலருகே ஒடுங்கி நுனியிலே அகன்ற இறக்கைகள். சரக்கு அறையின் நீளம் மட்டும் 28 மீட்டருக்கு மேல். அகலமும் உயரமும் 4.4 மீட்டர்.

1967ஆம் ஆண்டு ஜூன் 27. முதன்முதலாகக் கலம் தரையை விட்டு எழுந்தது. எழுந்ததும் ஆடத் தொடங்கியது! கட்டுப்பாட்டு அமைப்பின் அசைவும் கலத்தின் உடலசைவும் ஒன்றையொன்று தூண்டிவிட, ஆட்டம் வளர்ந்தது. கலம் ஒரு பக்கமாகத் தரையில் மோதி இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. குறை எங்கே என்று கண்டார்கள். ஓராண்டு உழைத்துத் திருத்தினார்கள். 1968ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் கலம் முறையாகப் பறந்தது.

பிறகு நடந்தவை வெற்றிமேல் வெற்றி. 1969 பிப்ரவரியில் 31 டன்னைத் தூக்கிக்கொண்டு 2,951 மீட்டர் உயரம் ஏறியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள், வாசிலி கொலோசெங்கோ என்ற விமானி 44,205 கிலோ சுமையுடன் 2,255 மீட்டர் உயரத்தைத் தொட்டார். இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனை அது! 1971இல் பாரிஸ் நகரத்து லெ பூர்ழே விமானக் கண்காட்சியில் வந்து இறங்கியபோது, மேலைநாட்டார் வியந்தனர். கீவ் நகரிலே பிறந்து அமெரிக்கா சென்று ஹெலிகாப்டர் உலகின் முன்னோடியான இகோர் சிகோர்ஸ்கியின் பெயரால் அமெரிக்க ஹெலிகாப்டர் சங்கம் வழங்கும் பரிசும் அதனைத் தேடி வந்தது. பகைவன் வீட்டிலிருந்தே பாராட்டு! ஆனால் அந்தப் புகழைக் காண மிகாயில் மில் உயிரோடில்லை. 1970 ஜனவரி 31ஆம் நாள் அவர் மறைந்தார்.

சாதனை இருக்கிறது. பரிசு இருக்கிறது. பாராட்டு இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று. தேவை!

ஆம் தோழர்களே, ஏவுகணையைச் சுமக்கத்தானே இந்தக் கலம்? கலம் வளர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஏவுகணைப் படையின் போக்கும் மாறிவிட்டது. காட்டுக்குள் வான்வழியே ஏவுகணையைத் தூக்கிச் சென்று இறக்கவேண்டும் என்ற பழைய திட்டத்துக்கு வேலை இல்லாமற்போயிற்று. எந்தக் கேள்விக்கு விடையாகக் கலம் பிறந்ததோ, அந்தக் கேள்வியே மறைந்துவிட்டது! இரண்டாவது கலம் 1973இல் பறந்தது; 1974இல் திட்டமே கைவிடப்பட்டது.

காலம் மாறும், தேவை மாறும், அதற்கு யாரைக் குறை கூறுவது என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், மாறிய காலத்தின்மீது வழக்குத் தொடுக்க முடியாது. ஆனால், மாறிவிட்டது என்பதை உரிய வேளையிலே எடுத்துச் சொல்ல யாருக்கு அங்கே வாயிருந்தது? இராணுவச் செலவு அந்நாட்டிலே மறைபொருள். எதிர்க்கட்சி என்று ஒன்று இல்லை. எழுந்து நின்று, ‘இந்தக் கலம் யாருக்காக, எதற்காக, இன்னமும் தேவைதானா?’ என்று கேட்க மன்றம் இல்லை. கேட்பாரற்ற இடத்தில் கட்டளை பிறக்கிறது. கேட்பாரற்ற இடத்திலேயே கட்டளை இறக்கிறது. பிறப்புக்கும் இறப்புக்கும் இடையே ஓடிய உழைப்பு மட்டும் ஊராருடையது. கலத்தை ஆக்கிய பொறியாளர்கள் குற்றவாளிகள் அல்லர். கேட்டதைச் செய்து கொடுத்தார்கள், கேட்டதற்கு மேலும் செய்து கொடுத்தார்கள். குற்றம் கேட்டவர்களுடையது, கேட்டவர்களைக் கேட்பார் இல்லாத அமைப்பினுடையது.

‘ஆகா! ஆகவே அமெரிக்கா நல்லது என்கிறீரா?’ என்று எவரேனும் துள்ளி எழுந்தால், பொறுங்கள் என்பேன். அங்கே நடந்ததையும் பார்த்துவிடுவோம்.

அமெரிக்க இராணுவமும் அதே காலத்தில் பெருஞ்சுமை ஹெலிகாப்டர் ஒன்றுக்கு ஆசைப்பட்டது. போயிங் வெர்டால் நிறுவனத்திடம் 1971இல் வேலை ஒப்படைக்கப்பட்டது. எக்ஸ்.சி.எச்.-62 என்பது அதன் பெயர். முன்னும் பின்னுமாக இரண்டு பெரிய விசிறிகள், மூன்று எஞ்சின்கள், 20 டன் சுமை, கப்பலிலிருந்து சரக்குப் பெட்டகங்களைக் கொத்திக்கொண்டு பறக்கும் ஆற்றல், தொங்கும் சுமையைப் பார்த்தபடி கலத்தை இயக்கப் பின்னோக்கி அமர்ந்த ஓட்டுநருக்குத் தனி இருக்கை. திட்டம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் சோதனைச்சாலையில் பற்சக்கரம் முறிந்தது. சக்கரத்தின் விளிம்பு பாரத்தால் வளையும் என்பதைக் கணக்கிட்டவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை! அதனைத் திருத்தும் வேலை நடந்துகொண்டிருக்கையிலேயே, 1975இல் அமெரிக்கக் காங்கிரஸ் பணத்தை நிறுத்தியது. ஏற்கெனவே உள்ள கலங்களைப் பெருக்கிப் பயன்படுத்தக் கூடாதா என்று கேட்டது. ஏறத்தாழ முடிவுறும் நிலையில் இருந்த கலம் ஒரு முறைகூடப் பறக்காமல் நின்றது. 1980களில் அதனை முடித்துப் பறக்கவிட முயன்றார்கள். மீண்டும் பணம் மறுக்கப்பட்டது. அலபாமா மாநிலத்து இராணுவக் காட்சிசாலையிலே கிடந்த அதனை, 2005இல் உடைத்துப் போட்டார்கள்.

இப்போது ஒருவர் மடக்கலாம்: ‘கேள்வி கேட்காத நாட்டிலே கலம் பறந்தது, உலக சாதனையும் படைத்தது. கேள்வி கேட்ட நாட்டிலே கலம் பறக்கவேயில்லை. ஆகவே கேள்வி கேட்பதுதானே கேடு?’

கூர்மையான வாதம், தட்டிக்கழிக்கக் கூடாது. விடை இது: அமெரிக்காவிலே கேள்வி கேட்கப்பட்டது குற்றமன்று, காலங்கடந்து கேட்கப்பட்டதே குற்றம். ‘இருக்கின்ற கலம் போதாதா?’ என்ற கேள்வி, வரைபடம் மேசைமீது இருந்தபோது கேட்கவேண்டிய கேள்வி. கலம் உருப்பெற்று, முடியும் தறுவாயில் அதனைக் கேட்டார்கள். விதைக்கும்போது விழித்திருக்க வேண்டியவன், கதிர் முற்றும்போது விழித்துக்கொண்டு வயலை அழித்தால் விளைச்சலும் போகும், விதையும் போகும். மாஸ்கோவிலே கேட்க மன்றமே இல்லை. வாஷிங்டனிலே மன்றம் இருந்தும் நேரத்தில் வாய் திறக்கவில்லை. இருவேறு அரசியல் முறைகள். முடிவு மட்டும் ஒன்று. அங்கொன்று காட்சிசாலையில், இங்கொன்று குப்பைமேட்டில்!

அப்படியானால் சரியான வேளையிலே, சரியான கேள்வியைக் கேட்டால் என்ன கிடைக்கும்? அதற்கும் இதே கதையிலே சான்று இருக்கிறது.

மில் மறைந்த பிறகு அவர் இடத்துக்கு வந்தவர் மராத் திஷ்செங்கோ. அவர் குழுவினர் அடுத்த பெருஞ்சுமைக் கலத்துக்குத் திட்டம் தீட்டியபோது, எவ்வளவு பெரியது என்ற கேள்வியோடு நின்றுவிடவில்லை. கலத்தின் சொந்த எடை எவ்வளவு, தூக்கும் சுமை எவ்வளவு என்று கணக்குப் பார்த்தனர். வெற்றுக் கலத்தின் எடை, அது எழும்பக்கூடிய மொத்த எடையிலே பாதியைத் தாண்டலாகாது என்று வரம்பு கட்டிக்கொண்டனர். மீண்டும் ஒற்றை விசிறிக்கே வந்தனர், எட்டு இதழ்கள் கொண்ட விசிறி, புதிய எஞ்சின்கள், தாங்களே வடிவமைத்த பற்சக்கரப் பெட்டி. 1977ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் அந்தக் கலம் பறந்தது. அதுதான் மி-26.

எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வி-12இன் சொந்த எடை 69 டன். அது சுமப்பதற்கென வகுக்கப்பட்டது 20 முதல் 25 டன். மி-26இன் சொந்த எடை 28 டன். அது சுமப்பது 20 டன். முன்னது ஒரு டன்னைத் தூக்கத் தன் உடம்பாக ஏறத்தாழ மூன்று டன்னைத் தூக்கிக்கொண்டு திரிந்தது. பின்னதற்கோ ஒன்றரை டன் உடம்புக்கும் குறைவே போதுமானதாயிற்று. வண்டியின் அச்சைப் பற்றி வள்ளுவர் எச்சரித்தது, ஏற்றப்படும் பொருளின் மிகையை எண்ணி; வி-12இலோ வண்டியே மிகை!

வி-12இன் உழைப்பு முற்றும் வீண் என்றும் நான் சொல்லவில்லை. இப்படிச் செய்யலாகாது என்று கற்பதும் கல்விதான். ஆனால் அந்தக் கல்விக்கு இரண்டு மாபெரும் கலங்களும் பத்தாண்டுக்கு மேற்பட்ட காலமும் கட்டணமாகச் செலுத்தப்பட்டன என்பதை மறக்கலாகாது.

மி-26 வந்தது; நின்றது; உழைத்தது. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்து நஞ்சைக் கக்கியபோது அங்கே சென்ற கலங்களில் அதுவும் ஒன்று. அதே ஆண்டிலே நம் இந்திய விமானப்படைக்கும் வந்து சேர்ந்தது. இமயத்து மலைமுகடுகளுக்குக் கனரக எந்திரங்களைக் கொண்டு சேர்த்தது. 2013இல் உத்தராகண்ட் பெருவெள்ளத்தின்போது மீட்புப் பணியில் ஈடுபட்டது. இராணுவத்துக்கெனச் செய்த கலம், மக்கள் துயர் துடைக்கும் பணியிலும் பங்கேற்றது. காரணம், அது தன்னைச் சுமந்தது போக, பிறரைச் சுமக்க வலிமை மீதம் வைத்திருந்தது.

இங்கேதான் தோழர்களே, எந்திரத்தின் கதை அரசியலின் கதையாகிறது.

அரசு என்பது என்ன? அதுவும் சுமை தூக்கும் கலந்தான். ஏழையின் பசியை, நோயாளியின் வேதனையை, படிக்க வழியற்ற பிள்ளையின் ஏக்கத்தைத் தூக்கிச் சுமந்து மறுகரை சேர்க்கவே மக்கள் வரிப்பணத்தை எரிபொருளாக ஊற்றுகிறார்கள். அந்தக் கலம் தன் உடம்பைத் தூக்கவே எரிபொருளையெல்லாம் தீர்த்துவிட்டால்? இலாகாவுக்கு மேல் இலாகா, ஆடம்பரத்துக்கு மேல் ஆடம்பரம், விளம்பரத்துக்கு மேல் விளம்பரம் என்று தன் எடையைத் தானே கூட்டிக்கொண்டு போனால்? பார்ப்பதற்குப் பெரிதாக இருக்கும்; பக்கத்து நாட்டார் கைதட்டுவார்கள்; பதக்கங்கூடக் கிடைக்கும். ஆனால் சுமக்கவேண்டிய மக்களைச் சுமக்காது. எவ்வளவு பெரிய அரசு என்று கேட்காதீர்கள். தன் பாரத்துக்கு எவ்வளவு மக்கள் பாரத்தைச் சுமக்கிறது என்று கேளுங்கள்!

அந்தக் கேள்வியை எங்கே கேட்பது? நாடாளுமன்றத்தில். எப்போது கேட்பது? பணம் ஒதுக்கப்படும்போது, செலவழிந்த பின்னரன்று. அதற்காகத்தானே துறைவாரியாக மானியக் கோரிக்கைகளை மன்றத்தின் முன் வைக்கும் முறை இருக்கிறது? ஆனால் நடப்பதென்ன? 2018 மார்ச்சிலும் 2023 மார்ச்சிலும் மக்களவையில் ஒரு துறையின் மானியக் கோரிக்கைகூட விவாதிக்கப்படவில்லை. ‘கில்லட்டின்’ என்னும் முறையிலே எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வீச்சில் நிறைவேற்றினார்கள். பல இலட்சம் கோடி ரூபாய். பாதுகாப்புத் துறையும் அதிலே அடக்கம். மன்றத்திலே அமளி நடந்தது, அதற்கு யார் காரணம் என்பது வேறு வழக்கு. அந்த வழக்கிலே யார் வென்றாலும், கேட்கப்படாத கேள்வி கேட்கப்படாததுதான்.

இராணுவச் செலவைப் பற்றிக் கேள்வி கேட்டால் தேசப்பற்று இல்லை என்று பழி தூற்றுவோர் உண்டு. அவர்களுக்கு நம் விடை இது: எல்லையிலே நிற்கும் வீரனுக்குத் தேவையான கலம் தேவையான நேரத்தில் கிடைக்கவேண்டும் என்பதற்காகத்தான் கேட்கிறோம். அவனுக்குப் பயன்படாமற்போகும் கலத்துக்குக் கொட்டிய பணம், அவன் கையிலிருந்து பறித்த பணம். இரகசியம் வேண்டிய இடங்கள் உண்டு; எந்திரத்தின் நுட்பத்தை யாரும் சந்தையிலே விளம்பச் சொல்லவில்லை. ஆனால் ‘எதற்காக?’ என்ற கேள்வி இரகசியமன்று. அதற்கு விடை சொல்லத் தெரியாத திட்டம், எவ்வளவு உயரம் பறந்தாலும் கடைசியிலே மோனினோவில்தான் வந்து இறங்கும்.

இறுதியாக ஒன்று, நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. இயக்கமும் ஒரு கலமே. கொடிகள் பெருகலாம், மேடைகள் உயரலாம், ஊர்வலங்கள் நீளலாம். எல்லாம் நம் சொந்த எடை! ஊரிலே குடிநீர் இல்லாத தெருவுக்கு நீர் வந்ததா, உரிமை மறுக்கப்பட்டவனுக்கு நம்மால் ஒரு கதவு திறந்ததா என்பதே நாம் தூக்கிய சுமை. ஒவ்வொரு கிளையும் ஆண்டுக்கு ஒருமுறை இந்த இரண்டையும் எதிரெதிரே எழுதிக் கணக்குப் பார்க்கட்டும். ஆளும் கட்சியைக் கேட்கும் அதே கேள்வியை நம் கிளைக் கூட்டத்திலும் கேட்கும் நெஞ்சுரம் நமக்கு வேண்டும். பறப்பது பெருமையன்று, சுமந்து பறப்பதே பெருமை!